தண்டனைச் சட்டத்தின் ஆங்கில இணைச்சொற்களும் தமிழில் அவற்றின் எல்லைகளும்

ஆங்கிலத்தில் ‘மர்டர்’ என்பதற்கும் ‘ஹோமிசைட்’ என்பதற்கும் என்ன வேறுபாடு என்று வினவினால், அம்மொழியை நன்கு பயின்றவருள்ளும் பலர் சற்றுத் தயங்கவே செய்வர். ‘தெஃப்ட்’, ‘ராபரி’ என்னும் இணைக்கும், ‘கிட்னேப்பிங்’, ‘அப்டக்‌ஷன்’ என்னும் இணைக்கும் இதே நிலைதான். அன்றாடப் பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதால் எவருக்கும் இழப்பில்லை. ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டும் மாணவர்க்கு முதலிணைக்குக் கொலை என்றும், இரண்டாவதற்குத் திருட்டு அல்லது கொள்ளை என்றும், மூன்றாவதற்குக் கடத்தல் என்றும் விடை எளிதிற் கிடைத்துவிடுகின்றது. ஆயினும் இதே சொற்கள் தண்டனைச் சட்டத் தொகுப்பில் இடம்பெறும்போது ஒவ்வொன்றும் வேலியிட்ட தனித்தனி நிலமாகிவிடுகின்றது. ஒரு நிலத்தில் நிற்பவர் அடுத்த நிலத்தில் நிற்பவராகக் கருதப்பட்டால் அவரது சிறைக்காலம் இரு மடங்காகலாம். சில வழக்குகளில் உயிரே போகலாம். அத்தகைய சில இணைச்சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் எல்லை எங்கே இடப்பட்டுள்ளது, தமிழில் எழுதும்போது அவ்வெல்லை எங்கே அழிந்துபோகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருபொருட்பன்மொழி என்பது தமிழிலக்கண மரபுக்குப் புதியதன்று. அதேவேளை, ஒரே செயலைக் குறிப்பனபோலத் தோன்றும் சொற்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு என்பதைத் தொல்காப்பியம் தெளிவாகக் கண்டிருந்தது. இரப்போன் தன்னின் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்றும், ஒப்போனிடம் ‘தா’ என்றும், இழிந்தோனிடம் ‘கொடு’ என்றும் கேட்பான் என அந்நூல் வகுக்கின்றது. மூன்றும் கொடைப்பொருளே தருவன. வேறுபாடு பேசுவோர் நிலையில் உள்ளது. சட்டச் சொற்களின் வேறுபாடு இதனின் வேறானது. அங்கே பொருளை வரையறுப்பது வழக்கன்று, விதி. மக்கள் எவ்வாறு வழங்கினாலும் சட்டம் தன் வரையறையையே பற்றி நிற்கும்.

இவ்வரையறைகள் நமக்கு வந்த வழியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. முதலாவது இந்தியச் சட்ட ஆணையம் 1834இல் அமைக்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்றவர் தாமஸ் பேபிங்டன் மெக்காலே. அவ்வாணையம் 1837இல் அளித்த வரைவு பல திருத்தங்களுக்குப் பின்னர் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியன அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு அதனைத் தழுவிய சட்டம் 1871இல் இயற்றப்பட்டு 1872இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய மலேசியாவின் சட்டம் 574உம் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத் தொகுப்பும் அதன் வழித்தோன்றல்களே. இதனால்தான் கொலைக்குரிய 302ஆம் பிரிவு சென்னையிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் ஒரே எண்ணால் நெடுங்காலம் அறியப்பட்டது. இந்தியாவில் 2024 சூலை 1 முதல் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்னும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அங்கு எண்கள் மாறிவிட்டன. வரையறைகளின் சாரம் பெரிதும் மாறவில்லை. ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ எனச் சுட்டும் தமிழ்ப் பேச்சுவழக்கிற்கு அதன் பிறந்த நாட்டில் இப்போது சட்டப்பிரிவு இல்லை. மலேசியாவில் 420ஆம் பிரிவு இன்றும் அதே குற்றத்திற்கு உரியதாகவே உள்ளது.

இத்தொகுப்பில் ஒவ்வொரு வரையறைக்கும் கீழே அ என்பவன், இ என்பவன் எனப் பெயரில்லா மனிதரைக் கொண்டு சிறுசிறு நிகழ்ச்சிகள் தரப்பட்டுள்ளன. நூற்பாவை அடுத்து எடுத்துக்காட்டுத் தரும் நம் உரையாசிரியர் முறையோடு இது பெரிதும் ஒத்தது. ஒரு சொல்லின் எல்லையை அறிய விழைவோர்க்கு வரையறையைவிட இவ்வெடுத்துக்காட்டுகளே மிகுதியும் உதவும் என்பது என் கருத்து.

கொலையும் மரணம் விளைவித்தலும்

‘ஹோமிசைட்’ என்னும் சொல் மனிதன் மனிதனுக்கு மரணம் விளைவித்தலை மட்டுமே சுட்டும்; அதனிடத்துப் பழியின் சாயல் இல்லை. தன்னைக் கொல்ல வந்தவனைத் தற்காப்பின் எல்லைக்குள் நின்று வீழ்த்தியவன் செய்ததும் ‘ஹோமிசைட்’ தான்; அது குற்றமாகாது. அதனோடு ‘கல்பபிள்’ என்னும் அடை சேரும்போதே அது குற்றமாகின்றது. அக்குற்றத்துள் மிகக் கொடிய பகுதி ‘மர்டர்’ எனப்படும். எனவே இவை பக்கத்தில் பக்கம் நிற்கும் இரு வட்டங்களல்ல. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று வட்டங்கள். இக்காலத் தமிழிலோ மூன்றனையும் ‘கொலை’ என்னும் ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். அச்சொல்லோ தோன்றும்போதே பழியைச் சுமந்துகொண்டு வருகின்றது.

299ஆம் பிரிவு ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்பதை மூன்று மனநிலைகளால் வரையறுக்கின்றது. மரணம் விளைவிக்கும் நோக்கம் ஒன்று. மரணம் நேரக்கூடிய உடற்காயத்தை விளைவிக்கும் நோக்கம் மற்றொன்று. தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்னும் அறிவு மூன்றாவது. புதர் ஒன்றின் பின்னே ஒருவன் இருப்பதை அறிந்த அ, அதனை அறியாத ஆ என்பவனைத் தூண்டி அப்புதரை நோக்கிச் சுடச் செய்கிறான் என்பது அங்குள்ள எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. சுட்டவன் இக்குற்றம் செய்தவனாகான், தூண்டியவன் குற்றவாளி. ஒரே குண்டு, ஒரே மரணம். அறிந்தவன் யார் என்பதே எல்லைக்கோடு.

நம் நாட்டில் ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்பதற்கு ‘நோக்கமில்லாக் கொலை’ அல்லது ‘உள்நோக்கமற்ற கொலை’ என எழுதும் வழக்கம் உண்டு. கேட்பதற்கு எளிமையாக இருப்பினும் இத்தொடர் சட்டத்தின் கருத்துக்கு நேர் எதிரானது. மலேசியச் சட்டத்தின் 304ஆம் பிரிவு இரு கூறுகளை உடையது. நோக்கத்தோடு செய்யப்பட்டதாயினும் கொலையெனக் கொள்ளப்படாத செயல்களே அதன் முதற்கூற்றில் அடங்குவன. அதற்கு 30 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நோக்கமின்றி அறிவு மட்டும் இருந்தால் இரண்டாங்கூறு; தண்டனை 10 ஆண்டு வரை. கடுமையான, திடீரெனத் தோன்றிய சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவன் மற்றவனைக் கொல்கின்றான் என்று கொள்வோம். அவன் கொல்லவே எண்ணினான். அந்நோக்கத்தைச் சட்டம் மறுக்கவில்லை. அவனது நிலையைக் கருதி, குற்றத்தைக் கொலைக்கு ஒருபடி கீழே இறக்குகின்றது. இவனது செயலை ‘நோக்கமில்லாக் கொலை’ என்று எழுதினால், படிப்பவர் அவன் கைதவறிச் செய்துவிட்டான் என்று கருதுவர். அதைவிடக் கேடு, தமிழ் மட்டுமே அறிந்த குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் இச்சொல்லால் குற்றச்சாட்டு விளக்கப்படுமாயின், எதனை அவர் ஒப்புக்கொள்கிறார் என்பது அவருக்கே தெளிவாகாது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் அவ்வொப்புதலின் தன்மையையும் விளைவையும் உணர்ந்திருப்பதை நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றது. அவ்வுணர்வு மொழிபெயர்ப்பாளரின் நாவில் உள்ள சொல்லையே சார்ந்திருக்கின்றது.

‘உள்நோக்கம்’ என்னும் சொல்லிலும் இன்னொரு குழப்பம் ஒளிந்துள்ளது. ஆங்கிலத்தில் ‘இன்டென்ஷன்’ வேறு, ‘மோட்டிவ்’ வேறு. செயலால் எதனை விளைவிக்க எண்ணினான் என்பது முன்னது; ஏன் அவ்வாறு எண்ணினான் என்பது பின்னது. தீராப்பிணியால் துடிக்கும் உறவினரின் வேதனையைக் காணப் பொறாமல் அவருயிரை ஒருவர் போக்கினால், அவரைத் தூண்டியது இரக்கம். எனினும் மரணம் விளைவிக்கும் நோக்கம் அவரிடம் முழுமையாக உண்டு. தமிழில் இரண்டனையும் நோக்கம் என்றே சொல்லிவருவதால் ‘கெட்ட நோக்கம் எதுவும் இல்லை’ என்பது ‘நோக்கமே இல்லை’ என்பதாகத் திரிந்துவிடுகின்றது. முன்னதற்கு ‘நோக்கம்’, பின்னதற்குத் ‘தூண்டற்காரணம்’ எனப் பிரித்து வழங்கின் இவ்விடர் நீங்கும்.

இனி, 299, 300 ஆகிய பிரிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஆங்கில நீதிபதிகளையே அலைக்கழித்த ஒன்று. மரணம் நேர்வதற்கு ‘லைக்லி’ ஆன காயம் என்பது 299இன் தொடர். இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்க ‘சஃபிஷியன்ட்’ ஆன காயம் என்பது 300இன் தொடர்களுள் ஒன்று. பொதுமொழியில் இவற்றைப் பிரித்தறிய எவரும் முயலமாட்டார். 1876இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வந்த கோவிந்தா வழக்கில், இளவயதுக் கணவன் ஒருவன் தன் மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் கைமுட்டியால் இரண்டு மூன்று முறை குத்தினான். மூளையில் குருதி கசிந்து அவள் இறந்தாள். நீதிபதி மெல்வில் இரு பிரிவுகளையும் அருகருகே நிறுத்தி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, அக்காயம் மரணம் நேரக்கூடியதேயன்றி வழக்கமான போக்கில் மரணத்திற்குப் போதுமானதன்று எனக் கண்டு, குற்றத்தைக் கொலையினும் குறைந்ததாக்கினார். அத்தீர்ப்பு இன்றும் சட்டக்கல்வியில் படிக்கப்படுகின்றது. மாறாக, 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கில் வயிற்றில் பாய்ந்தது ஒரே ஈட்டிக்குத்து. அக்காயத்தையே விளைவிக்க அவன் எண்ணினானா என்பதை மட்டும் நோக்க வேண்டும். அது மரணத்திற்குப் போதுமானதா என்பதை மருத்துவச் சான்று முடிவு செய்யும். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. அவன் செய்தது கொலையாயிற்று. அவ்வழக்கின் தாக்கம் மலேசிய, சிங்கப்பூர்த் தீர்ப்புகளிலும் ஆழமாகப் பதிந்துள்ளது.

‘லைக்லி’ என்பதற்கு ‘நேரக்கூடிய’ என்றும், ‘சஃபிஷியன்ட்’ என்பதற்குப் ‘போதிய’ என்றும் தமிழில் தடையின்றி எழுதலாம். மொழிபெயர்ப்போர் இரண்டிடத்தும் ‘மரணத்தை விளைவிக்கும் காயம்’ எனச் சுருக்கிவிடுவதாலேயே எல்லை அழிகின்றது. தமிழின் சொல்வளத்தைக் குறைகூற இதில் இடமில்லை.

இவ்வெல்லையின் விலை என்ன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மலேசியாவில் 302ஆம் பிரிவிற்கு நெடுங்காலமாகக் கட்டாய மரண தண்டனையே விதியாக இருந்தது. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 சூலை 4இல் நடைமுறைக்கு வந்த பின்னர், மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை, மரண தண்டனை விதிக்கப்படாவிடின் 12க்குக் குறையாத பிரம்படி என அது மாறியுள்ளது. சிங்கப்பூரில் 2013 முதல், கொல்லும் நோக்கத்தோடு செய்த கொலைக்கு மட்டுமே மரண தண்டனை கட்டாயம்; 300ஆம் பிரிவின் ஏனைய மூன்று வகைகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கவும் இடமுண்டு. அங்கே கொலை என்னும் சொல்லுக்குள்ளேயே இன்னொரு வேலி எழுந்துவிட்டது.

பெயரீட்டைப் பொறுத்தவரை, ‘ஹோமிசைட்’ என்பதற்கு ‘மரணம் விளைவித்தல்’ என்பதையும், அடையோடு கூடியதற்குக் ‘குற்றமாகும் மரணம் விளைவித்தல்’ என்பதையும், ‘கொலை’ என்பதை 300ஆம் பிரிவிற்கு மட்டுமே உரியதாகவும் கொள்வது தக்கது. ‘மரணம் விளைவித்தல்’ தமிழ்நாட்டுச் சட்டத்தமிழில் வழங்கிவரும் தொடரே. தலைப்புச் செய்திக்கு அது நீளமானது என்று இதழாசிரியர் சொல்லக்கூடும். மலாய்மொழி இதற்கு ‘ஹோமிசிட்’ என்னும் கடன்சொல்லையே ஏற்றுக்கொண்டது. கடன்சொல்லை விரும்பாத நாம் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

துணிவும் கவனமின்மையும்

304அ பிரிவு, ‘ராஷ்’ அல்லது ‘நெக்லிஜென்ட்’ ஆன செயலால் மரணம் விளைவித்தலைக் கூறுகின்றது. இரண்டனையும் சேர்த்துக் ‘கவனக்குறைவு’ என எழுதிவிடுவது பரவலான வழக்கம். கேடு நேரலாம் என்பதை உணர்ந்தும், நேராது என்னும் துணிவில் செய்வது முன்னது. உணர வேண்டியவன் உணராமலே செய்வது பின்னது. வளைவில் எதிரே வண்டி வரக்கூடும் என்று தெரிந்தே முந்திச் செல்பவனும், வண்டியோட்டிக்கொண்டே வேறெதையோ நோக்கியிருப்பவனும் ஒருவரல்லர். மலேசியாவில் இரண்டிற்கும் இரண்டாண்டு வரை சிறை என்னும் ஒரே தண்டனை இருப்பதால் சொற்கலப்பு இங்கு உடனடியாகத் தீங்கு செய்யவில்லை. சிங்கப்பூர் தன் திருத்தத்தின் வழி 2008 முதல் இவற்றைப் பிரித்து, முன்னதற்கு ஐந்தாண்டு வரை, பின்னதற்கு இரண்டாண்டு வரை என்றாக்கிவிட்டது. ஆகவே சிங்கப்பூர் வழக்கொன்றைத் தமிழில் எழுதுபவர் ‘கவனக்குறைவு’ என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. ‘பொறுப்பற்ற துணிவு’ என்பதும் ‘கவனமின்மை’ என்பதும் ஓரளவு பொருந்துவன. ‘அசட்டுத் துணிச்சல்’ எனப் பேச்சுவழக்கில் நாம் சொல்வது ‘ராஷ்’ என்பதன் உயிரை இன்னும் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆயினும் அதிலுள்ள பரிவு நீதிமன்றத்திற்கு ஒவ்வாது.

திருட்டு, பறிப்பு, கொள்ளை

பொருட்குற்றங்களில் தமிழ் வறுமையுற்றதன்று. களவு, திருட்டு, கொள்ளை, வழிப்பறி, ஆறலைத்தல், கன்னமிடுதல் எனச் சொற்கள் நிறைந்துள்ளன. இவற்றுள் எது எங்கே முடிகின்றது என்பதுதான் வரையறுக்கப்படவில்லை.

378ஆம் பிரிவின்படி ‘தெஃப்ட்’ என்பது அசையும் பொருளை உடைமையாளர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு, அவர் வசமிருந்து எடுக்கும்பொருட்டு அசைத்தலாகும். எடுத்துச் சென்றிருக்க வேண்டியதில்லை, அசைத்தாலே போதும். நிலத்தில் வேரூன்றி நிற்கும் மரத்தைத் திருட முடியாது, ஏனெனில் அது அசையும் பொருளன்று. வெட்டி நிலத்தினின்று பிரித்த அக்கணமே அது திருட்டாகிவிடும் என்னும் எடுத்துக்காட்டு மாணவர்க்கு எப்போதும் வியப்பூட்டுவது. ‘எக்ஸ்டார்ஷன்’ என்பதில் பொருள் கைமாறும் முறையே வேறு. அச்சுறுத்தப்பட்டவரே தம் கையால் கொடுக்கிறார். திருட்டில் இசைவு இல்லை. இதில் அச்சத்தால் பிறந்த இசைவு உண்டு.

‘ராபரி’ என்பது தனித்த மூன்றாம் குற்றமன்று. திருட்டோ மிரட்டிப் பறித்தலோ குறித்த சில சூழல்களில் வளர்ந்தெடுக்கும் வடிவமே அது. திருடும்போதோ, திருடியதை எடுத்துச் செல்லும்போதோ, அதன்பொருட்டு ஒருவரைக் காயப்படுத்தினால், தடுத்து நிறுத்தினால், அல்லது உடனடிக் காயத்திற்கு அஞ்சச் செய்தால் திருட்டு ‘ராபரி’ ஆகும். மலேசியாவில் சாதாரணத் திருட்டுக்கு 379ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. 392ஆம் பிரிவின்படி ‘ராபரி’க்குப் பதினான்காண்டு வரை. எவரும் இல்லாத வீட்டின் பூட்டை உடைத்து நகைகளை அள்ளிச் சென்றதைத் தமிழில் ‘கொள்ளை’ என எழுதுகிறோம். இழந்த பொருளின் அளவே நம் கண்ணில் படுகின்றது. எவ்வளவு பொருள் போயிற்று என்பதைச் சட்டம் இங்குக் கேட்பதில்லை; எவரேனும் அஞ்ச வைக்கப்பட்டாரா என்றே கேட்கின்றது. கத்தியைக் காட்டிப் பத்து ரிங்கிட்டைப் பறித்தவன் ‘ராபரி’ செய்தவன். ஆளில்லா வீட்டில் ஓர் இலட்சம் ரிங்கிட் நகையை எடுத்தவன் வீடு புகுந்து திருடியவன். அவனுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. மலாய்மொழிக் காவல்துறை வழக்கில் ‘சூரி’, ‘சமுன்’, ‘பெச்சா ரூமா’ எனப் பிரிந்திருப்பதைத் தமிழிலும் திருட்டு, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல் எனப் பிரித்துக் காத்தல் அரிதன்று.

ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும்

415ஆம் பிரிவின் ‘சீட்டிங்’, 405ஆம் பிரிவின் ‘கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட்’ ஆகிய இரண்டும் மலேசிய நாளிதழ்களில் அடிக்கடி வருவன. காலமே இவற்றைப் பிரிக்கும் கோடு. பொருளைப் பெறுவதற்கு முன்பே பொய் தொடங்கியிருந்தால் அது ‘சீட்டிங்’. பொருள் முறையாக ஒப்படைக்கப்பட்டு, பின்னர் அதனை வைத்திருப்பவர் நேர்மை தவறினால் அது மற்றது. சங்கத்தின் பொருளாளராக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் சங்கப் பணத்தைத் தம் வீட்டுக்குச் செலவிட்டால், அவர் எவரையும் தொடக்கத்தில் ஏமாற்றவில்லை. பின்னதற்கு ‘நம்பிக்கை மோசடி’ என்னும் தொடர் நிலைத்துவிட்டது. அதனை மாற்ற முயல்வது வீண். முன்னதையும் ‘மோசடி’ என்று எழுதாமல் ‘ஏமாற்றுதல்’ என்று எழுதினால் போதும்.

இதனினும் நுட்பமானது ‘டிஸானஸ்ட்லி’, ‘ஃபிராடுலன்ட்லி’ என்னும் இணை. பிறர்க்குப் பொருளிழப்பையோ தமக்கோ பிறர்க்கோ முறையற்ற பொருட்பேற்றையோ எண்ணிச் செய்வது முன்னது என 24ஆம் பிரிவு கூறும். பின்னதை 25ஆம் பிரிவு வரையறுத்தும் வரையறுக்காமல் விட்டுவிட்டது. வஞ்சிக்கும் எண்ணத்தோடு செய்வது வஞ்சகமாகச் செய்வதாகும் என்பதற்குமேல் அங்கு ஒன்றும் இல்லை. அவ்விடைவெளியை நீதிமன்றங்கள் நிரப்ப வேண்டியதாயிற்று. டாக்டர் விமலா எதிர் டில்லி நிர்வாகம் என்னும் வழக்கில், தாயொருவர் தம் பணத்தில் வாங்கிய மகிழுந்தை வயது நிரம்பாத தம் மகள் பெயரில் பதிந்து, காப்புறுதிப் படிவங்களில் மகள் பெயரையே கையொப்பமாக இட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 1962இல் அவரை விடுவித்தது. பொய் உண்டு, ஆனால் அப்பொய்யால் அவர் பெற்ற பேறும் இல்லை, காப்புறுதி நிறுவனம் அடைந்த இழப்பும் இல்லை, எனவே அது வஞ்சகமாகாது என்பது காரணம். பொய், வஞ்சகம், நேர்மையின்மை என்னும் மூன்றனையும் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் உள்ளன. ‘மோசடி’ என்னும் ஒரு சொல்லே இம்மூன்றையும் விழுங்கிவருகின்றது.

கடத்தலின் பல முகங்கள்

இதுவரை கண்டவற்றுள் தமிழ் மிகுதியும் இடர்ப்படுவது ‘கடத்தல்’ என்னும் சொல்லில்தான். தங்கத்தைக் கடத்துகிறார்கள், போதைப்பொருளைக் கடத்துகிறார்கள், விமானத்தைக் கடத்துகிறார்கள், குழந்தையைக் கடத்துகிறார்கள், குடியேறிகளைக் கடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் குறைந்தது ஐந்து சொற்கள் தேவைப்படும் இடத்தில் தமிழ் ஒன்றே ஒன்றால் நடந்துகொண்டிருக்கின்றது.

361ஆம் பிரிவின் ‘கிட்னேப்பிங்’, சட்டப்படியான காப்பாளரின் இசைவின்றிச் சிறுவரை அவர்தம் காப்பினின்று அழைத்துச் செல்லுதல் அல்லது கவர்ந்து செல்லுதலாகும். மலேசியச் சட்டத்தில் ஆண் எனில் 14 வயதிற்கும், பெண் எனில் 16 வயதிற்கும் உட்பட்டவரே இதில் அடங்குவர். இங்கே வன்முறை வேண்டியதில்லை. அச்சிறுமி விரும்பியே சென்றாலும் குற்றம் குற்றமே, ஏனெனில் மீறப்படுவது காப்பாளரின் உரிமை. 362ஆம் பிரிவின் ‘அப்டக்‌ஷன்’ எந்த வயதினரையும் வலிந்தோ வஞ்சித்தோ ஓரிடத்தினின்று செல்லச் செய்தல். இங்கு மீறப்படுவது செல்பவரின் விருப்பம். இரண்டையும் கடத்தல் என எழுதும்போது, முதலாவதிலும் கையும் வாயும் கட்டப்பட்ட ஒரு காட்சியே படிப்பவர் மனத்தில் எழுகின்றது.

அழைத்துச் செல்லுதல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை வரதராஜன் எதிர் சென்னை மாநில அரசு என்னும் வழக்கு காட்டியது. பதினெட்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி தானே தொலைபேசியில் அழைத்து, குறித்த இடத்திற்குத் தானே சென்று, அவனோடு போனாள். அங்குப் பெண்ணுக்குரிய வயது எல்லை அப்போது 18. இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் அளித்த தீர்ப்பில், சிறுவயதினரை அழைத்துச் செல்லுதல் வேறு, தாமே வருபவரை உடன்வர விடுதல் வேறு எனப் பிரித்து அவனை விடுவித்தது. இவ்வேறுபாட்டைச் சொல்ல ஆங்கிலம் ஒரு நீண்ட தொடரை நாடியது. தமிழ் அகமரபில் இதற்கு ‘உடன்போக்கு’ என்னும் ஒரே சொல் இருந்தது. தலைவன் கொண்டு சென்றான் என்னாது, தலைவி உடன் போனாள் என அவளது செயலாகவே அதனைக் கண்டது அம்மரபு. சங்கச் சொல்லைக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும் என்று நான் கூறவரவில்லை. எல்லையை நம் மொழி ஒருகாலத்தில் அறிந்தே இருந்தது என்பதைச் சுட்டாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

இறுதியாக, ‘டிராஃபிக்கிங்’, ‘ஸ்மக்ளிங்’ என்னும் இணையை நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பு பாலெர்மோ உடன்படிக்கையோடு இரண்டு தனித்தனி நெறிமுறைகளை ஏற்றது இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதனாலேயே. தாமே விரும்பிப் பணம் கொடுத்து எல்லை தாண்டுபவரை முறைகேடாக நாட்டுக்குள் சேர்ப்பது ‘ஸ்மக்ளிங்’. அதில் தீங்குற்றது அந்நாட்டின் எல்லைச் சட்டம். சுரண்டும் எண்ணத்தோடு, வலிந்தோ வஞ்சித்தோ ஒருவரைச் சேர்ப்பதும் அடைத்துவைப்பதும் ‘டிராஃபிக்கிங்’; அதற்கு எல்லையைத் தாண்ட வேண்டியதே இல்லை. கோலாலம்பூரில் உள்ள ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்கு நிகழ்ந்தாலும் அது அக்குற்றமே. மலேசியா 2007இல் முன்னதாக ஆள்வணிகத்திற்கு எதிராகவே சட்டம் 670ஐ இயற்றியது. 2010இல் குடியேறிகளைக் கடத்தலையும் சேர்த்து அச்சட்டத்தின் பெயரையே நீட்டியது. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆள்வணிகத்திற்கு இரையானவரை முறைகேடாக நாட்டில் நுழைந்ததற்காகக் குற்றவியல் வழக்கினின்று காக்கின்றது. எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட மற்றவர்க்கு அப்பாதுகாப்பு இல்லை. ஒருவர் இரையா, குற்றவாளியா என்பதே இச்சொற்களால் முடிவாகின்றது.

நடைமுறையில் ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. 2015 மே மாதத்தில் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியானில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டில், கைவிடப்பட்ட முகாம்களும் புதைகுழிகளும் கண்டறியப்பட்டன. இத்தகைய முகாம்களில் அடைக்கப்பட்டோருள் தாமே முன்வந்து படகேறியோரும் உண்டு. ஏறியபின் அவர்களைப் பிணையாக வைத்து உறவினரிடம் பணம் கேட்கப்பட்டது. படகில் ஏறிய நாளில் அவர் நிலை ஒன்று. கூண்டில் அடைக்கப்பட்ட நாளில் அவர் நிலை வேறு. ‘ஆட்கடத்தல்’ என்னும் ஒரே தமிழ்ச்சொல் இரு நாள்களுக்கும் இடையே நிகழ்ந்ததை மறைத்துவிடுகின்றது.

மலாய்மொழி ‘பெமெர்டாகாங்கான் ஓராங்’ என்று வணிகத்தின் அடியாகவும், ‘பென்யெலுடுப்பான் மிக்ரான்’ என்று கள்ளக்கடத்தலின் அடியாகவும் இரண்டனையும் தெளிவாகப் பிரித்துக்கொண்டது. அவ்வழியே ‘ஆள்வணிகம்’, ‘குடியேறிகள் கடத்தல்’ எனத் தமிழிலும் வழங்கலாம். ‘ஆள்வணிகம்’ என்பது விற்பனையையே குறிக்கும், கட்டாய உழைப்பைக் குறிக்காது என்று ஒரு மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பு ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்துவதே. அதுவும் வாணிகத்தைக் குறித்த சொல்லாயிருந்து சட்டத்தின் வரையறையால் விரிந்ததுதான். ‘கிட்னேப்பிங்’ என்பதற்குச் ‘சிறாரைக் காப்பினின்று கொண்டுசெல்லுதல்’, ‘அப்டக்‌ஷன்’ என்பதற்கு ‘ஆளை வலிந்து கொண்டுசெல்லுதல்’ என்பன எனக்குத் தோன்றும் தொடர்கள். இவற்றினும் சுருங்கிய சொல் கிடைக்குமாயின் அதனை ஏற்பதில் தடையில்லை, அச்சொல் இவ்விரண்டனையும் மீண்டும் ஒன்றாக்கிவிடாத வரையில்.